வோல்ற்ஸ் பழக்கிய கலாநிதி

எங்கள் மகள் உதயகலாவுக்கு முப்பத்துமூன்று வயது. அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், சாதகம் பொருந்தி நாள் பார்க்கிற அளவுக்கு வந்த பிறகு நின்றுபோயின. இரண்டு தரமும் மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் ஆள் விட்டு விசாரித்தார்கள். இரண்டு தரமும் சந்திக் கடையில் அவர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். பெட்டையின் தகப்பன் மற்றவர்களின் பெண்சாதிமாரைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர். மூன்றாவது சம்பந்தம் இந்த வைகாசியில் மானிப்பாயிலிருந்து வந்தபோது நான் முடிவெடுத்துவிட்டேன். இதுவும் தட்டிப்போனால் அவளுக்கு இனி இல்லை. ஆகவே ஆட்டம் நிற்க வேண்டும்.

ஆடுகிறவர் என் கணவர், கலாநிதி பஞ்சலிங்கம். மண்ணையும் தண்ணீரையும் ஆராய்வது அவருடைய தொழில். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் வலிகாமத்துக் கிணறுகளில் முக்கால்வாசியில் போத்தல் விட்டுத் தண்ணீர் அள்ளிச் சோதித்திருப்பார். தோட்டத்துக்கு அள்ளிக் கொட்டுகிற உரம் மண்ணால் இறங்கிக் குடிதண்ணீரில் நைத்திரேற்றாகச் சேருகிறது என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றினவர். சொந்தச் சித்தப்பாவின் கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் எழும்பி நின்று, அளந்த இலக்கத்தையும் வாசித்தார். சித்தப்பா குடும்பம் மூன்று வருடம் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இலக்கத்தைக் குறைக்க ஏலாது என்றார். அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துவது லேசான வேலை இல்லை.

ஆட்டம் அவருக்கு நெதர்லாந்தில் பிடித்தது. எண்பத்துநாலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கப் போனவருக்குக் கிடைத்த அறையில் சூடாக்கி வேலை செய்யவில்லை. புதன்கிழமைகளில் மாணவர் விடுதியின் பெரிய மண்டபத்தில் நடன வகுப்பு. மண்டபம் கணகணவென்று சூடாக இருக்குமாம். குளிருக்கு ஒதுங்கப் போய்ச் சுவரோரம் நின்றவரை ஒரு கிழவி இழுத்துவிட்டிருக்கிறாள். மூன்று வருடத்தில் வோல்ற்ஸ், பொக்ஸ்ட்ரொட், சாச்சா என்று சோடி ஆட்டம் எல்லாம் பழகி, கடைசி வருடம் புதிதாக வந்தவர்களுக்கு இவரே பழக்கியுமிருக்கிறார். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரரின் மகன், கோயில் கொடியேறினால் மச்சம் மாமிசம் தொடாத வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கால் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். கலியாணம் பேசும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டில் கலியாணம் கட்டினோம். நான் அப்போது உப தபாலகத்தில் வேலை. தொண்ணூறுகளில் சண்டைக்குள் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. ஊரெல்லாம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுச் செய்தி அறிந்தது. எங்கள் வீட்டில் நான் பெடலைச் சுற்ற, இவர் கசெற்றைப் போட்டு விறாந்தையில் தனியே வோல்ற்ஸ் பயிற்சி செய்தார். என் கை களைத்தால் பாட்டு இழுபடும். பாட்டு இழுபட்டால் இவருடைய காலும் அந்தரத்தில் நிற்கும். ஆட்டம் கெட்டுவிடக்கூடாதாம், சுற்று என்பார். தபாலகத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வந்த கை அது.

இரண்டாயிரத்திரண்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் தன் தகப்பனின் பழைய புகையிலைக் கொட்டிலுக்குச் சீமெந்து போட்டு, கண்ணாடி மாதிரி மினுக்கி, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வகுப்புத் தொடங்கினார். வந்தவர்கள் பெரும்பாலும் இளவாலைப் பக்கத்துத் தேவாலயம் போகிற வேதக்காரச் சோடிகள், வைத்தியர்கள், வெளிநாட்டில் கலியாணம் வைத்திருக்கிற பிள்ளைகள். இவர் பழக்குகிற விதம் ஆய்வுகூடத்தில் வேலை பழக்குகிற விதம்தான். நிலத்தில் எனாமல் பெயின்ற்றால் பாதங்கள் கீறி இலக்கம் போட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் கொப்பியில் ஒரு பக்கம். பெயர், தொலைபேசி இலக்கம், பிறகு அவதானம். "வலது கால் பிந்துகிறது. காரணம் தெரியவில்லை. அடுத்த கிழமை சப்பாத்தைப் பார்க்க வேண்டும்." இப்படி இருபத்துமூன்று வருடக் கொப்பிகள் அலுமாரியில் கிடக்கின்றன. நைத்திரேற்றுக் கொப்பிகளுக்கும் இவற்றுக்கும் வெளியில் வித்தியாசம் கிடையாது.

சோடி இல்லாமல் இந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்க முடியாது. இவருக்குச் சோடியாக நின்றவள் ஜெனிற்றா. ஆய்வுகூடத்தில் இவருக்கு உதவியாளராக இருந்தவள். அவளுடைய புருசனும் அதே வகுப்பில்தான் ஆடினார். அது ஊருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லிச் சுவையில்லை. எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், முதல் இரண்டு வருடம் இருந்தது. பிறகு களைப்பு வந்துவிட்டது. பொறாமைப்படவும் தெம்பு வேண்டும்.

மானிப்பாய் மாப்பிள்ளை தனோஜன் பொறியியலாளர். நல்ல குடும்பம் என்றார்கள். சாதகமும் பொருந்தியது. இனி ஆள் விட்டு விசாரிப்பார்கள் என்று தெரியும். கலியாணம் முடியும்வரை வகுப்பை மூடச் சொன்னேன். இவர் மாட்டேன் என்றார். கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்வாராம், அதில் பிழை காண்கிற குடும்பத்தில் மகள் வாழ வேண்டியதில்லையாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"உங்கடை உண்மைக்கு அவள் ரண்டு தரம் காவு போயிட்டாள். மூண்டாந்தரமும் குடுக்கப்போறியளோ?" என்று கேட்டேன்.

அவர் கதிரையில் இருந்தபடி கையிலிருந்த கொப்பியை மூடினார். பிறகு, தான் என்ன செய்யவேணும் என்று மெல்லக் கேட்டார். வகுப்பை மூடவேண்டாம், தெரியாத ஆள் யாராவது வந்தால் மட்டும் நான் சொல்கிறபடி சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

அடுத்த சனிக்கிழமையே ஆள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோய்த்து மடிப்புப் போட்ட சேட்டு, கறுத்த நீளக் காற்சட்டை, தனியே வந்திருந்தார். படலையில் நின்று, இங்கே ஆட்டம் பழக்குகிற சேர் இருக்கிறாரோ என்று கேட்டார். பெயர் பார்த்தீபன் என்றார். தனியே வந்து ஆட்டம் பழகக் கேட்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு அப்போதே பொறிதட்டிவிட்டது.

"தம்பி எவடம்?" என்று கேட்டேன்.

மானிப்பாயில் மோட்டர் திருத்துகிற கடையில் வேலை என்றார். மானிப்பாய் என்ற சொல் போதுமாயிருந்தது. இருந்தும் விடவில்லை. சொந்த இடம் எது, ஆருடைய ஆட்கள் என்று கேட்டேன். முந்தி வடக்குப் பக்கம், பிறகு இடம்பெயர்ந்து பல இடம் என்று மழுப்பினார். தகப்பன் பெயரைக் கேட்டேன். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். ஒளிக்கிறார் என்று விளங்கியது. விசாரிக்க வந்தவர் தன் வேரைச் சொல்வாரா?

அவரைப் படலையிலேயே நிற்கவைத்துவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஏழு பேர். ஜெனிற்றாவிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் பாட்டை நிறுத்தி, ஆண்களை ஒரு கரைக்கும் பெண்களை மற்றக் கரைக்கும் அனுப்பினாள். நான் வெங்காயச் சாக்குகளை இழுத்து நிலத்திலிருந்த பாதங்களை மூடினேன். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. உப தபாலதிபராக இருந்த காலத்தில் கணக்காய்வுக்கு ஆட்கள் வந்தபோதுகூட நான் இவ்வளவு விரைவாக வேலை செய்ததில்லை.

பார்த்தீபனை உள்ளே கூட்டிவந்தேன். என் கணவர் அவருடைய முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"இது நீரிழிவுக்காரருக்கான தேகப்பயிற்சி வகுப்பு. ஆட்டம் எண்டு ஆக்கள் பிழையாச் சொல்லியிருப்பினம்."

பார்த்தீபன் சாக்குகளைப் பார்த்தார், பாட்டுப்பெட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு, அதிலேயே சேர்ந்துகொள்ளலாமோ என்று கேட்டார். நல்ல கெட்டிக்காரன் என்று நான் மனதுக்குள் சொன்னேன்.

மூன்று சனிக்கிழமை வந்தார். மூன்று சனிக்கிழமையும் வைத்தியர்களும் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரும் கையைத் தூக்கி, குனிந்து, காலைத் தொட்டு எழும்பினார்கள். முதல் நாள் அவர்களுக்குச் சிரிப்பு. இரண்டாம் நாள் அலுப்பு. மூன்றாம் நாள் நாலு பேர்தான் வந்தார்கள். பார்த்தீபன் பின் வரிசையில் நின்று, சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். முடிந்ததும் ஏதோ கேட்க வருகிற மாதிரி என் கணவருக்குப் பக்கத்தில் நிற்பார். இவர் கொப்பியோடு உள்ளே போய்விடுவார். அந்த மூன்று கிழமையும் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்றார். இரண்டாவது பொய். முதலாவதைப் போல இதுவும் வடிவாக வரவில்லை.

நான் இரங்கவில்லை என்று சொல்லமாட்டேன். இரங்கினேன். ஆனால் மகளின் முகத்தைப் பார்க்கும்போது அந்த இரக்கம் நிற்காது. அவள் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை முடிந்து வந்து, சேலை மாற்றாமல், தேத்தண்ணியை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பாள். என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்கமாட்டாள். கேட்காத பிள்ளைதான் தாய்க்குப் பெரிய பாரம்.

நாலாம் சனிக்கிழமை பார்த்தீபன் வரவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் உதயகலா தானாகவே வாய் திறந்தாள். தனோஜனோடு இரண்டு கிழமையாக போனில் கதைக்கிறாளாம். அவர்கள் வீட்டில் ஒருவரையும் விட்டு விசாரிக்கவில்லையாம். தேவையில்லையாம். தனோஜனின் தாய்மாமன் லண்டனுக்குப் போகமுதல், இரண்டாயிரத்துநாலில், எங்கள் கொட்டிலில்தான் வோல்ற்ஸ் பழகினாராம். அந்தச் சேரின் பிள்ளையோ என்று தாய்க்குப் புளுகமாம், மகிழ்ச்சி பிடிபடவில்லையாம். ஆவணியில் நாள் வைப்போமா என்று கேட்கிறார்களாம்.

சந்தோசத்தில் நான் அழுதேன். என் கணவர் சோற்றில் கை வைத்தபடி, "அப்ப உந்த மனுசன் ஆர்?" என்றார்.

எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்து வந்தார். பார்த்தீபனின் பக்கத்தை முதல் தடவையாக நான் பார்த்தேன். "குனியும்போதும் எண்ணிக்கை தவறுவதில்லை. பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றத் தெரிகிறது. இவருக்கு வோல்ற்ஸ் வரும். வீணாக்குகிறேன்." மூன்று கிழமைக்கும் சேர்த்து இவ்வளவுதான் எழுதியிருந்தார். அதிலிருந்த இலக்கத்துக்கு எடுத்தார். மறுமுனையில் மரியாதையாக, செவ்வாய்க்கிழமை கனடாவுக்குப் பயணம், அதனால் வரவில்லை, குறை நினைக்கவேண்டாம் என்றார் பார்த்தீபன். வீடு எங்கே என்று இவர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான், கீரிமலை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் போனோம். தீர்த்தக் கேணிக்கு முழுகப் போகிறவர்களின் வாகனங்களை விலத்தி, கடற்கரைப் பக்கம் திரும்பினால் ஒரு ஒழுங்கை. மீள்குடியேறிக் கட்டிய சின்ன வீடு. முற்றத்தில் படகு இயந்திரம் ஒன்று கழற்றிக் கிடந்தது. கரையில் கட்டிய வள்ளங்கள் தெரிந்தன. மீன்பிடிக்கிற ஆட்களின் ஒழுங்கை அது. எனக்கு அந்த ஒழுங்கையில் இறங்கியதுமே எல்லாம் விளங்கிவிட்டது. அன்று படலையில் நான் கேட்ட கேள்விக்கு அவர் ஏன் நிலத்தைப் பார்த்தார் என்பதும் விளங்கியது.

பார்த்தீபனின் மனைவி பத்மாசினி கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். சிக்குன்குனியா வந்து கால்முட்டு மடங்காமல் கெந்திக் கெந்தி நடந்தாள். அதனால்தான் அவள் பயணம் போகவில்லை. மகள் சுவர்ணாவுக்கு வருகிற சனிக்கிழமை ரொறன்ரோவில் கலியாணம். அங்கத்தைய வழக்கப்படி தகப்பனும் மகளும் எல்லோருக்கும் முன்னால் ஆடவேண்டுமாம். மாப்பிள்ளையின் தாய் தன் மகனோடு ஆடப்போகிறாளாம். "அப்பா, நீங்கள் ஆடாட்டி நான் தனிய நிக்கோணும்" என்று பிள்ளை போனில் அழுதிருக்கிறாள். கடைக்கு வந்த யாரோ சண்டிலிப்பாய் சேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணவர் தலை குனிந்தபடி கேட்டார்.

"ஆட்டம் இல்லையெண்ட பிறகும் ஏன் மூண்டு கிழமையும் வந்தனீங்கள்?"

"மூண்டாம் கிழமையெண்டாலும் பழக்குவியள் எண்டு நினைச்சன் சேர்." பார்த்தீபன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அம்மா என்னை எவடம், ஆருடைய ஆக்கள் எண்டு கேட்டவ. அதோடை ஆட்டம் நிண்டுபோச்சு. எனக்கு விளங்கிச்சு. பறவாயில்லை, எங்களுக்குப் பழகினதுதானே."

அப்படியில்லை, அப்படியில்லை என்று நானும் இவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மகளின் சம்பந்தத்தைச் சொன்னோம். மானிப்பாயைச் சொன்னோம். அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்ததைச் சொன்னோம். பார்த்தீபன் சிரித்தார். பத்மாசினியும் சிரித்தாள். நம்பினார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஏனென்றால் அப்போது தேத்தண்ணி வந்தது. இவர் வாங்கியதும் குடித்தார். என் கை கோப்பையைப் பிடித்தது, ஆனால் வாய்க்குப் போகவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. சின்ன வயதில் என் அம்மா வீட்டில் மீன் கொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் குடிக்க வேலியோடு ஒரு சிரட்டை வைத்திருந்தோம். அவர்கள் வீடுகளில் நாங்கள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அறுபத்துமூன்று வயதில், தபாலகத்தில் எல்லோருக்கும் ஒரே முத்திரை விற்ற கை, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. ஒரு கணம்தான். அது பார்த்தீபனுக்குப் போதும்.

"சோடா வாங்கியரட்டோ அம்மா?" என்றார். "போத்திலோடை குடிக்கலாம்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. வருகிறவர்களுக்குச் சங்கடம் வராமல் பார்த்துப் பழகிய குரல் அது. நான் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைக் குடித்தேன். நாக்கு வெந்தது. அந்த மனிதர் என்னைப் பற்றி நினைத்தது பிழை என்று இனி எந்த வாயால் சொல்வது? அந்தக் கேள்வியைச் சம்பந்தத்துக்காகக் கேட்டேன் என்பது உண்மை. அதை வாழ்நாள் முழுக்க வேறு எதற்காகக் கேட்டுப் பழகினேன் என்பதும் உண்மை. எனக்கு வெட்கமாக இருந்தது. களைப்பாகவும் இருந்தது, ஏதோ பாரத்தை முழு நாளும் சுமந்த மாதிரி.

என் கணவர் எழும்பி, போனில் பாட்டைத் தேடினார். ஒரு மணித்தியாலம் போதும், இப்போதே பழக்குகிறேன் என்றார். முற்றத்து மண்ணில் தடியால் ஆறு பாதம் கீறினார். முன்னுக்கு, பக்கத்துக்கு, காலைச் சேர். பின்னுக்கு, பக்கத்துக்கு, காலைச் சேர். பார்த்தீபன் மூன்றாம் தரமே பிடித்துவிட்டார். என் கணவரின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. வரும் என்று எழுதினேன்தானே என்பது போல என்னைப் பார்த்தார்.

பிறகு, மகளின் இடத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றார். பத்மாசினியின் கால் மடங்காது. ஜெனிற்றா இல்லை. ஒழுங்கையில் போனவர்கள் வேலிக்கு மேலால் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"குணம், நீ வா" என்றார் என் கணவர்.

முப்பத்தேழு வருடத்தில் நான் ஆடியதில்லை. கலியாணம் முடிந்த முதல் கிழமையில் ஒருதரம் கேட்டார், உதென்ன கூத்து என்று சினந்தேன், பிறகு அவர் கேட்கவில்லை. இன்று எழும்பினேன். செருப்பைக் கழற்றினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பார்த்தீபனுக்கு முன்னால் போய் நின்று, வலது கையை நீட்டினேன். அவர் மனைவியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, என் விரல் நுனிகளைப் பிடித்தார். மற்றக் கையை என் முதுகுப் பக்கம் கொண்டுவந்தார்.

பாட்டுத் தொடங்கியது. எனக்குத்தான் கால் பின்னியது. அவர் என் பிழைக்கும் சேர்த்துத் தன் காலை மாற்றிக்கொண்டார். இவர் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினார்.

"கையை முதுகிலை, தோள்பட்டைக்குக் கீழை வையுங்கோ. பிள்ளைக்குப் பிடிமானம் வேணும்" என்றார்.

"ஓம் சேர்" என்றார் பார்த்தீபன்.

"வையும் தம்பி" என்று நானும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

"ஓம் அம்மா" என்றார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆடினோம். கடைசிப் பாட்டுக்கு அவர் கால் ஒருதரமும் பிசகவில்லை. பத்மாசினி கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தாள். பார்த்தீபனின் வலது கை மட்டும் என் முதுகுக்கு நாலு விரல் இடைவெளி விட்டு, கடைசிவரை காற்றிலேயே நின்றது.